லீராய் காலின்ஸை வீழ்த்திய புகைப்படம்

1950களின் அமெரிக்கத் தென்மாநிலங்கள் என்றாலே, கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்த ஆளுநர்களின் பெயர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அதே காலத்தில் ஃபுளோரிடாவின் ஆளுநராக இருந்த லீராய் காலின்ஸைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

அவரைப் பிறவி உத்தமராகக் காட்ட நான் வரவில்லை. நிறப் பிரிவினை ஃபுளோரிடாவின் வழக்கம், சட்டம், அதைக் காப்பேன் என்று சொல்லித்தான் 1954 தேர்தலில் வென்றார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியல்ல. எங்கிருந்து கிளம்பினார் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் வந்தார் என்பது புரியும்.

வால்டர் இர்வின் என்ற கறுப்பின இளைஞர் மரணதண்டனைக் கைதி. வெள்ளையினப் பெண்ணை வன்புணர்ந்ததாக 1949இல் ஃபுளோரிடாவின் குரோவ்லேண்டில் வழக்கு. 1951இல் மறுவிசாரணைக்குக் கொண்டு வரும் வழியில், கைவிலங்கிட்ட இரண்டு கைதிகளை ஷெரீஃப், அதாவது அந்த வட்டாரக் காவல் தலைவர், சுட்டார். ஒருவர் அங்கேயே இறந்தார். உயிர் தப்பிய இர்வினுக்கு மீண்டும் மரணதண்டனை விதித்தார்கள். குற்றம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று கருதிய காலின்ஸ் 1955இல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அங்கே ஆளுநர் மக்களிடம் வாக்குக் கேட்டு வர வேண்டியவர்; அடுத்த ஆண்டே தேர்தல். எதிரிகள் இதைத்தான் ஆயுதமாக எடுத்தார்கள். இருந்தும் கட்சியின் வேட்பாளர் தேர்வில் முதல் சுற்றிலேயே பெரும்பான்மை பெற்றார். இர்வின் மீதான தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்ய 2021 வரை ஆயிற்று. அதற்குள் அவர் இறந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1957இல் ஃபுளோரிடா சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதைத் தள்ளுபடி செய்ய ஆளுநருக்கு அதிகாரமில்லை. காலின்ஸ் அந்தத் தாளிலேயே தம் கையால் எழுதினார்: இது தீய செயல், இதை நான் வெளிப்படையாக எதிர்த்தேன், பிற்காலத்தில் ஆவணக் காப்பகத்தில் இதைப் பார்ப்பவர்கள் அறியட்டும் என்று. அந்த வரிகளை எப்போது படித்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது.

1960இல் ஃபுளோரிடாவின் தலைநகர் தல்லஹாசியில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கடை உணவகங்களில் அமர்ந்து போராடிச் சிறை சென்றார்கள். மார்ச் 20 அன்று காலின்ஸ் தொலைக்காட்சியில் பேசினார். கடைக்காரருக்குச் சட்டப்படி உரிமை இருக்கலாம். ஆனால் கடையின் மற்ற எல்லாப் பிரிவுகளிலும் கறுப்பினத்தவரின் காசை வாங்கிக்கொண்டு ஒரு பிரிவில் மட்டும் சேர்க்க மறுப்பது நியாயமல்ல, அறமும் அல்ல என்றார். வெள்ளையர் வாக்குகளால் பதவிக்கு வந்த ஒரு தென்மாநில ஆளுநர், பதவியில் இருக்கும்போதே சொன்னது இது.

பிறகு குடியரசுத் தலைவர் ஜான்சன், இனப் பூசல்களில் சமரசம் செய்யும் சமூக உறவுப் பணித்துறைக்கு அவரைத் தலைவராக்கினார். அந்தப் பொறுப்பில்தான் 1965இல் அலபாமா மாநிலத்தின் செல்மா நகருக்குச் சென்று, காவலர்களுக்கும் கறுப்பினத்தவரின் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களுக்கும் நடுவே சமரசம் பேசினார். அங்கே மார்ட்டின் லூதர் கிங்குடன் பேசிக்கொண்டே நடந்தபோது எடுத்த புகைப்படத்தை, 1968 செனட் தேர்தலில் எதிர்த்தரப்பு ஃபுளோரிடா முழுவதும் பரப்பியது. அவர் தோற்றார். பிறகு எந்தப் பதவிக்கும் வரவில்லை.

காலத்துக்கேற்பப் பேச்சை மாற்றிக்கொண்ட சந்தர்ப்பவாதி என்று இன்றும் அவரைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சமும் ஏற்புடையதல்ல. சந்தர்ப்பவாதி வாக்கு கிடைக்கும் பக்கம் நகர்வான். காலின்ஸ் ஒவ்வொரு முறையும் வாக்கு பறிபோகும் பக்கமே நகர்ந்தார்.