அங்கன்வாடி மாலை ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டும்

வேலைக்கும் குடும்பத்துக்கும் நேரத்தைச் சரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள், ஒரு நாள் விடியற்காலையில் திருவொற்றியூர் பக்கம் வந்து பார்க்க வேண்டும். இங்கே பிரித்துக்கொள்ள யார் கையிலும் நேரம் மிச்சமில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை, கான்ட்ராக்ட். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பெரியவளுக்குத் தலை பின்னிவிட்டு, மூன்று வயதுச் சின்னவனைத் தூக்கம் கலையாமல் கொண்டுபோய்க் கீழ்வீட்டு ஆயாவிடம் படுக்க வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். அங்கன்வாடி திறக்கும்போது அவர் பாதி ஊரைத் தாண்டியிருப்பார். அது மூடும்போது இன்னும் தரை துடைத்துக்கொண்டிருப்பார். ஆயாவுக்கு முட்டிவலி வந்துவிட்டால் அக்காவுக்கு அன்றைய சம்பளம் போய்விடும். இந்த ஊரில் பல குடும்பங்கள் இப்படி ஒரு கிழவியின் முழங்காலை நம்பித்தான் ஓடுகின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்ற விதியை 2017ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் மீன் விற்பவருக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் அதனால் என்ன பயன்? அக்காவின் அலுவலகத்தில் காப்பகம் இருந்தாலும், இரண்டு பஸ் மாறிச் சின்னவனை அவ்வளவு தூரம் இடுப்பில் சுமக்க முடியுமா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவர் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுக வரிசையில் வண்டி நின்றுவிட்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அது அவர் குற்றமில்லை. ஆனால் வண்டி எடுக்காத நாளிலும் அழுக்குத் துணி அக்காவுக்காகத்தான் காத்துக் கிடக்கிறது. 2019ஆம் ஆண்டு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள். அந்த 97கூட வீட்டுவேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு!

நேரம் கேட்டுப் போராடுவது வடசென்னைக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பதும் மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. 2023இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறிய பிறகும், எதிர்ப்பு வலுத்ததால் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

அரசு நினைத்தால் ஒரு தாய்க்கு நேரம் கொடுக்கவும் முடியும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பெரியவள் பள்ளியிலேயே சாப்பிடுகிறாள். அக்காவுக்கு விடியலில் ஓர் அடுப்பு வேலை குறைந்திருக்கிறது. அடுத்து அங்கன்வாடியைக் கையில் எடுக்கட்டும். எண்ணூர், மணலி, கொருக்குப்பேட்டை, காசிமேடு எங்கும் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை அது திறந்திருக்க வேண்டும். கூடுதல் நேரத்தை இப்போதிருக்கும் ஊழியர்கள் தலையில் ஏற்றக் கூடாது. இரண்டாவது ஷிஃப்டுக்குத் தனியாக ஆள் போட்டு, ஒழுங்கான சம்பளம் கொடுக்க வேண்டும். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதை மனுவாக எழுதி மாமன்ற உறுப்பினரிடம் கொடுக்கப் போகிறோம். திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள்.