சிசிலி உணவகம் என்று போர்டு போட்டால் போதுமா?

யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன், கன்னோலியை, அதாவது பொரித்த குழல் ஓட்டுக்குள் பாலாடைக்கட்டி அடைத்த சிசிலி இனிப்பை, எதற்காக மதியமே அடைத்துக் குளிர்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள்? லண்டன் சோஹோ மாதிரி இடத்தில் சின்னதாக ஒரு சிசிலி உணவகம், இத்தாலியின் சிசிலித் தீவுச் சாப்பாடு போடுவது. பக்கத்து மேஜைக்காரர் முழங்கை நம் தட்டில் இடிக்கும். சுவரில் எலுமிச்சை வரைந்த பீங்கான் தட்டு, மங்கலான விளக்கு, அலங்காரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியாக வருகிற கன்னோலியைக் கடித்தால் சத்தமே வராது. நமுத்துப் போயிருக்கும். காலையிலேயே ரசம் ஊற்றி வைத்த பானிபூரியை யாராவது காசு கொடுத்து வாங்குவோமா? இதை மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு தின்கிறோம்?

கன்னோலி ஓடு செய்வது சாதாரண வேலை இல்லை. மாவில் பன்றிக்கொழுப்பு, மார்சலா ஒயின், கொஞ்சம் வினிகர் சேர்த்துப் பிசைந்து, ஊறவிட்டு, மெல்லிசாகத் தேய்த்து, உலோகக் குழாயில் சுற்றி 180 டிகிரி எண்ணெயில் பொரிக்க வேண்டும். மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பினால் பதம் சரி. (சைவக்காரர்கள் இங்கே உஷார். இனிப்புதானே என்று கேட்காமல் வாங்கி விடாதீர்கள். வெண்ணெயில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.) உள்ளே போவது செம்மறியாட்டுப் பாலில் செய்த ரிக்கோட்டா என்கிற மிருதுவான பாலாடைக்கட்டி. ராத்திரி முழுக்க வடிகட்டியில் போட்டு நீரை வடிய விட்டு, சர்க்கரை கலந்து, சல்லடையில் தேய்த்து எடுத்தால்தான் வழவழப்பு வரும். என்னதான் வடித்தாலும் ரிக்கோட்டாவில் ஈரம் இருக்கத்தான் செய்யும். அடைத்த நிமிஷத்திலிருந்து ஓடு அந்த ஈரத்தைக் குடிக்க ஆரம்பிக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் வெளிப்பக்கமும் போச்சு. அதனால்தான் சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் நல்ல கடைக்காரர் ஆள் கேட்ட பிறகுதான் அடைத்துக் கொடுப்பார். பையில் வைத்துப் பிதுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. இவ்வளவு பாடுபட்டுப் பொரித்ததை அந்த ஒரு நிமிஷத்துக்காகக் கெடுக்கிறார்களே, அதுதான் எரிச்சல். இதில் சில இடங்களில் வடிக்கவே பொறுமை இல்லாமல், மாட்டுப்பால் ரிக்கோட்டாவில் மஸ்கார்போனே என்கிற கொழுப்பு மிகுந்த கிரீம் சீஸைக் கலந்து கெட்டியாக்கி விடுகிறார்கள். நாக்கில் கொழுப்பு ஒட்டும், ஆட்டுப்பால் வாசனை துளியும் இருக்காது.

அடுத்தது பாஸ்தா அல்லா நோர்மா. சிசிலியின் கட்டானியா ஊர்ப் பண்டம். அந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் பெல்லினியின் 1831ஆம் ஆண்டு ஆப்பெரா (இசை நாடகம்) ‘நோர்மா’வின் பெயரைத் தாங்கி நிற்பது. மொத்தமே நாலு சாமான்: கத்தரிக்காய், தக்காளி, துளசி இனத்து பேசில், ரிக்கோட்டா சலாத்தா. நாலில் இரண்டைக் கெடுத்தால் என்ன மிஞ்சும்? கத்தரிக்காயை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, உப்புத் தூவி அரைமணி வைத்து, விட்ட தண்ணீரை ஒற்றி எடுத்து, நிறைய எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிக்க வேண்டும். ஒரே ஈடாகக் கொட்டினால் எண்ணெய்ச் சூடு இறங்கி, துண்டெல்லாம் எண்ணெயைக் குடித்துத் தொளதொளத்துவிடும். அதற்குப் பயந்து ஓவனில் காயவைக்கிற இடங்களில் தோல் ரப்பராக இழுக்கிறது. மேலே துருவ வேண்டியது உப்பிட்டு அழுத்தி, நாள்பட வைத்த ரிக்கோட்டா சலாத்தா. சூட்டில் உருகாமல் உதிரியாக நிற்கும், உப்பும் லேசான புளிப்பும் தக்காளியின் இனிப்பை இழுத்துப் பிடிக்கும். மொசரெல்லாவைப் போட்டால் நூல்நூலாக இழுபடுகிறது. பார்மிஜானோ சீஸைப் போட்டால் அது ஒன்றுதான் வாயில் நிற்கிறது. இருபது பவுண்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு துண்டு சலாத்தா வாங்கி வைக்க முடியாதா?

அரஞ்சினி என்கிற பொரித்த சோற்றுருண்டை வெளியே கருஞ்சிவப்பு, நடுவில் ஜில். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேரே எண்ணெயில் போட்டால் வேறெப்படி இருக்கும்? பெரிய உருண்டை என்றால் பொரித்த பிறகு பத்து நிமிஷம் ஓவனில் வைத்தால் நடுவரை சூடு போய்ச் சேரும். மைக்ரோவேவில் வைத்தால் மேலோடு ஈரமாகித் தொலையும்.

மத்தி மீன் பாஸ்தாவுக்குக் கேட்காமலே சீஸைத் தூவிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல! அதில் காட்டுச் சோம்புக் கீரை, உலர்திராட்சை, பைன் பருப்பு, குங்குமப்பூ எல்லாம் இருக்கிறது. மேலே தூவ வேண்டியது எண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள். காட்டுச் சோம்பு கிடைக்கவில்லையா, சாதாரணச் சோம்புக்கிழங்கின் தழையோடு ஒரு சிட்டிகை சோம்பைத் தட்டிப் போடட்டும், ஓரளவு பக்கத்தில் வரும். பல இடத்தில் அதுவும் கிடையாது.

பிஸ்தா கூத்து தனி. எட்னா எரிமலைச் சரிவில் பிரொன்டே ஊர் பிஸ்தாவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பறிக்கிறார்கள். ஆனால் மெனுவில் பாதிப் பண்டத்துக்கு பிரொன்டே பிஸ்தாவாம்! இத்தாலியின் புலியா மாநிலத்து புர்ராட்டா சீஸ் மேல் பச்சைப் பொடியைத் தூவினால் அது சிசிலிப் பண்டம் ஆகிவிடுமா?

இத்தனைக்கும் மேஜை ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். அந்த அவசரத்தில் கப்போனாத்தா (கத்தரிக்காயில் செய்கிற புளிப்பு இனிப்புக் கூட்டு) வந்த கையோடு பாஸ்தாவும் வந்து இறங்கும். ஆறவிட்டு, முடிந்தால் மறுநாள் சாப்பிட்டால்தான் கப்போனாத்தாவில் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்து வரும். இங்கே சூடாகவோ ஜில்லென்றோ, இரண்டில் ஒன்று. தண்ணீர் கேட்டால் பாட்டிலைத் திறக்க வருகிறார்கள். இங்கிலாந்தில் மது பரிமாற உரிமம் உள்ள இடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தந்தாக வேண்டும், கூசாமல் கேளுங்கள். பில்லில் ஏறுகிற 12.5 சதவீத சேவைக் கட்டணம் பெரும்பாலும் விருப்பப்பட்டால் கொடுப்பதுதான். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். ஆனால் 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுக்கப் பணியாளர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அடுப்படியில் நடந்த கோளாறுக்குப் பரிமாறுகிற பையன் சம்பளத்தில் கை வைப்பானேன்? இரண்டு வாய் தின்றதும் தட்டைத் திருப்பி அனுப்புங்கள், அந்த ஐட்டத்தைப் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். முழுசாகத் தின்று முடித்துவிட்டுச் சொன்னால் எவனும் காதில் வாங்க மாட்டான்.