கிளாஸ்டன்பரியும் யோசேப்பும்: ஒரு திருத்தம்

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி ஆலயத்தை, இயேசுவின் உடலை அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பு நிறுவியதாக 12ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் எழுதியிருக்கிறார் என்று ஒரு நண்பர் கூறியுள்ளார். அவர் மேற்கோள் காட்டும் பகுதி வில்லியமின் சொற்கள் அல்ல என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வில்லியம் எழுதிய கிளாஸ்டன்பரி ஆலய வரலாற்று நூலின் மூலப்படி நமக்குக் கிடைக்கவில்லை. இன்றுள்ளது, 1184ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த தீவிபத்துக்குப் பிறகு மடத்துத் துறவிகள் பல இடைச்செருகல்களைச் சேர்த்த 13ஆம் நூற்றாண்டுப் பிரதி.

இதைச் சரிபார்ப்பது எளிது. வில்லியம் எழுதிய இங்கிலாந்து அரசர்களின் வரலாற்றிலும் கிளாஸ்டன்பரி பற்றிய பகுதி உண்டு. அதன் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அடிக்குறிப்புகளை விட்டுவிட்டு வில்லியமின் உரையை மட்டும் பாருங்கள்: கிறிஸ்துவின் சீடர்கள் அந்த ஆலயத்தைக் கட்டியதாக ஒரு கூற்று உண்டு என்று (அதையும் தயக்கத்துடனே) குறிப்பிடுகிறார், யோசேப்பின் பெயரை எடுக்கவே இல்லை.