‘வெண்பா’ நேரத்துக்கு எதிராகச் சமைக்கும் விளையாட்டு அன்று

‘வெண்பா’ என்ற வீடியோ விளையாட்டைச் சென்னை நிறுவனம் ஒன்று உருவாக்கியது என்றும், கடிகாரம் முடிவதற்குள் சமைத்துப் புள்ளி சேர்ப்பதே அதன் சாரம் என்றும், ஆகவே பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சமையல் பழக்க ஏற்றது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். முதலிரண்டும் பிழை, மூன்றாவது அவற்றின் மேல் எழுப்பப்பட்டது.

2023 ஜூலையில் வெளிவந்த இவ்விளையாட்டை உருவாக்கியது கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறு குழு. 1980களில் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை இது. கடிகாரமும் இல்லை, புள்ளிகளும் இல்லை. அக்குடும்பத்தின் தலைவி வெண்பாவுக்குத் தன் தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேட்டில் கிழிந்தும் அழிந்தும் போன வரிகளை ஊகித்து நிரப்புவதே ஆட்டம். தொடக்கத்தில் வரும் இட்லியிலேயே, தட்டுகளை எப்படி அடுக்கினால் சரியாக வேகும் என்று நாமே யோசிக்க வேண்டும்; தவறினால் தண்டனை கிடையாது, மறுபடி முயலலாம். வானொலியில் ஒலிக்கும் பாடல்களும் வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக இசைக்கப்பட்டவை.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய ஆட்டம்தான் இது. ஆனால், தாய்மொழியிலிருந்து மெல்ல விலகும் மகன் கவினுக்கும் தாய் வெண்பாவுக்கும் இடையிலான இடைவெளியே கதையின் மையம் என்பதால், சிறு பிள்ளைகளைவிடப் பதின்ம வயதினருக்கும் பெற்றோருக்குமே இது பொருந்தும் என்பது என் கணிப்பு. 2024இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகத்தின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் இது பெற்றது.