அலமாரியை முதலில் யோசியுங்கள், கடைசியில் பொருத்துங்கள்

பழைய வீட்டைக் கலைக்கூடமாக மாற்றப் போகிறோம் என்று சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஜமுக்காளத்தை எங்கே வைப்பீர்கள்?

முற்றத்தில் கச்சேரி, கூடத்தில் ஓவிய வகுப்பு, முன்னறையில் நூலகம் என்று வரைபடம் அழகாக இருக்கும். ஐம்பது நாற்காலி, பத்து ஜமுக்காளச் சுருள், மைக் ஸ்டாண்டுகள், தம்புரா, பிள்ளைகளின் வண்ணப் பெட்டிகள், நாட்டிய உடைகள் இவற்றுக்கெல்லாம் அதில் இடம் இருக்காது. திறந்த ஆறாவது மாதம் கூடத்தின் நான்கு மூலைகளும் அடைந்துவிடும். உள்ளே வருபவருக்கு, யாருடைய கிடங்குக்குள்ளோ நுழைந்துவிட்ட கூச்சம் வரும். வரவேற்பு என்பது வாசல் கோலத்தோடு முடிவதில்லை. கூடம் காலியாக இருக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்த அலமாரி வேண்டும்.

ஆனால் யோசிப்பதில் முதலாவதாக வரும் அலமாரி, பொருத்துவதில் கடைசி. முதல் செலவு கூரைக்கு. புதுச்சேரியின் பழைய நகர்மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது நினைவிருக்கும். பழைய உருவத்திலேயே புதிதாகக் கட்டி 2021இல்தான் திறக்க முடிந்தது. மர உத்திரங்களின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் முதலில் பார்க்க வேண்டியது உத்திரத்தின் நடுப்பகுதியை அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் முனையை. ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் உள்ளே போனால் அந்த முனை உளுத்துவிட்டது. கூரையின் மேல் பதித்த தட்டோட்டின் மேல் சிமென்ட் தளம் போட்டு ஒழுகலை நிறுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே சோர்ந்த உத்திரத்தின் தலையில் ஏறும் கூடுதல் பாரம் அது.

அடுத்தது சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஓதத்தை, அதாவது மண்ணின் ஈரத்தை, உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். எப்போதோ யாரோ அதன் மேல் சிமென்ட் பூசியிருப்பார்கள். வெளியே வர வழியில்லாத ஓதம் மேலே ஏறும். இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தச் சிமென்ட் பூச்சை, ஓதம் ஏறிய உயரத்துக்கு மேல் இன்னும் ஓர் அடி வரை கொத்தி எடுத்துவிட்டுச் சும்மா விடுங்கள். ஈரச்சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது கட்டட வேலையில் பழகிய கணக்கு. ஒன்றரைக் கல் சுவர் பதிமூன்றரை அங்குலம். இரண்டு பக்கமும் திறந்திருந்தாலே ஆறு ஏழு மாதம் ஆகும். தை மாதம் கொத்தினால் ஆடி முடியும்போது பூசலாம். புளித்த சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல், ஒரு வாரமாவது ஈரம் காத்து. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். எமல்ஷன் அடித்தால் மறுபடியும் ஓதத்துக்கு வாயை அடைத்ததாகிவிடும். திறப்பு விழாத் தேதிக்காக இந்த மாதங்களைச் சுருக்கினால் இழப்பு அலமாரிக்குத்தான். ஈரச்சுவரை ஒட்டி வைத்த ப்ளைவுட் முதல் கார்த்திகையிலேயே பூஞ்சை வாடை அடிக்கும்.

இப்போது அளவு. பழைய வீட்டில் எந்தச் சுவரும் தூக்கு நேராக இருக்காது, எந்த மூலையும் மட்டத்துக்கு நிற்காது. பத்தடிக்குள் ஓர் அங்குலம் தள்ளிப் போவது சாதாரணம். ஆகவே அகலத்தைத் தரையில், இடுப்பில், தலைக்கு மேல் என மூன்று இடத்தில் எடுத்து, மிகக் குறைந்ததைக் கணக்கில் கொள்ளுங்கள். அதிலிருந்தும் பக்கத்துக்கு ஓர் அங்குலம் கழித்துப் பெட்டி செய்யுங்கள். மிஞ்சும் இடைவெளியை இரண்டு அங்குலத் தேக்குப் பட்டி மூடும். அந்தப் பட்டியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, காம்பஸின் ஒரு கால் சுவரைத் தடவிக்கொண்டே போக, மறுகாலில் உள்ள பென்சில் சுவரின் நெளிவை அப்படியே பட்டியில் வரையும். கோட்டைத் தொட்டுச் சீவினால் சுவரும் மரமும் மயிரிழை விடாமல் சேரும். பொறுமையான ஓர் ஆசாரிக்கு ஒரு பட்டிக்கு அரை மணி நேரம். அதை விட்டுவிட்டு, சுவரை நேராக்குகிறேன் என்று ஒன்றரை அங்குலம் சிமென்ட் ஏற்றுபவர்கள், உலர்த்திய சுவரைத் திரும்ப நோயாளியாக்குகிறார்கள். வளைந்துகொடுக்க வேண்டியது அலமாரி. நூறு வருடம் நின்ற சுவர் அல்ல.

ஓர் உதாரணக் கணக்கு. 12 அடி நீளம், 7 அடி உயரம், 2 அடி ஆழம். இதை ஒரே சட்டமாகச் செய்தால் பழைய நிலைக்கதவு வழியாக உள்ளே போகாது. 3 அடி அகலத்தில் நான்கு பெட்டிகளாகச் செய்து உள்ளே இணைக்க வேண்டும். பெட்டிக்கு நான்கு தட்டு என்றால், எட்டுக்கு நாலு அளவில் 18 மில்லிமீட்டர் ஷீட் ஒன்பது, பின்பலகைக்கு 9 மில்லிமீட்டரில் நான்கு. ஈரம் தாங்கும் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 710 முத்திரையுள்ளதாகவே இருக்கட்டும், அதன் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது விதி. மரநாரையும் மரத்தூளையும் அழுத்திச் செய்யும் எம்டிஎஃப்பும் பார்ட்டிகிள் போர்டும் இந்த வீடுகளுக்கு ஆகாது. ஓரத்தில் ஈரம் பட்டால் ஊதிவிடும், ஊதியது திரும்ப இறங்காது. புத்தகம் வைக்கும் தட்டு 3 அடி நீளத்தில் நடுவில் தொய்யும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குலத் தேக்குச் சட்டத்தைப் பசையோடு முடுக்குங்கள், அல்லது நடுவில் ஒரு தடுப்பு கொடுங்கள்.

பாரம் முழுவதும் தரையில் இறங்கட்டும். சுண்ணாம்புச் சுவரில் திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் ராவல் பிளக் கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு தூளோடு கழன்று வரும். அலமாரி முன்னால் சாயாமல் இருக்க மேலே மட்டும் இரண்டு இடத்தில் பிடிமானம் போதும். துளையைச் சாந்து இணைப்பில் போடாமல் செங்கல்லில் போடுங்கள், டிரில்லில் ஹாமரை அணைத்துவிட்டு. கீழே 4 அங்குல அட்ஜஸ்டபிள் கால்கள். ஆத்தங்குடித் தரையைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பார்கள், ப்ளைவுட் அதைத் தொடக் கூடாது.

சுவருக்கும் பின்பலகைக்கும் இடையே காற்றுக்காக இரண்டு அங்குலம் விடுங்கள். அதே இடைவெளியில் மின்குழாய்களையும் ஓட்டிவிடலாம், சுவரை வெட்டவே வேண்டாம். மைக் கேபிளை மட்டும் மின்கம்பியிலிருந்து ஓர் அடி தள்ளிக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். பின்பலகை ஆணி அடித்ததாக இல்லாமல் திருகில் கழல வேண்டும்.

வாத்தியங்களுக்கு இந்த 3 அடிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மிருதங்கம் படுக்க 30 அங்குல அகலம், 15 அங்குல உயரம். வீணைக்குத் தரையை ஒட்டி 5 அடி நீளத் தட்டு. தம்புரா நின்றபடி இருக்க 5 அடிக்கு மேல் தடையில்லாத உயரம், சாயாமல் ஒரு வார்ப்பட்டை. தோல் வாத்தியத்தை வெளிச்சுவர் பக்கம் வைக்கவே வேண்டாம். கதவு ஜாலியோ சாய்சட்டமோ வைத்ததாக, காற்றுப் போகும்படி இருக்கட்டும். தேக்குச் சட்டக் கதவென்றால் நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் பசையில்லாமல் விடுங்கள், மழையில் உப்பினால் நகர இடம் வேண்டும்.

வாசலுக்கு வருவோம். நூறு பேர் வந்தால் நூறு ஜோடிச் செருப்பு. ஜோடிக்கு 9 அங்குலம் என்றால் 75 அடித் தட்டு: 15 அடி நீளத்தில் ஐந்து அடுக்கு. இதைக் கணக்கிடாததால்தான் நல்ல நல்ல இடங்களின் படிக்கட்டெல்லாம் செருப்பாகக் கிடக்கிறது, வயதானவர்கள் தடுமாறுகிறார்கள். அடுக்கின் பக்கத்தில் 18 அங்குல உயரத்தில் உட்கார ஒரு பலகை. வரவேற்பு மேசை 30 அங்குலம், கீழே முழங்கால் நுழைய இடம், சக்கர நாற்காலியில் வருபவரும் கண்ணுக்குக் கண் பேசலாம். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒன்றரை அடித் திண்ணைக்குப் 18 அடி நீளம். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டால் அது பார்வைக்கு மட்டும்தான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பழமைத் தோற்றம் வேண்டும் என்று, இன்னொரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்து விற்ற தூணையும் கதவையும் வாங்கி வராதீர்கள். ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னொரு வீட்டைக் கலைப்பதில் என்ன நியாயம்? உங்கள் வீட்டிலேயே கழற்றிய உத்திரம் இருக்கும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, உளுத்த முனையை அறுத்துத் தள்ளினால் கதவுச் சட்டங்களுக்கு அதைவிட நல்ல தேக்கு கிடைக்காது.

கரையானுக்குத் தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்குவதை, அலமாரி வருவதற்கு முன்பே முடியுங்கள். முதல் மழைக்காலம் கழிந்ததும் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் பென்சில் பருமனில் மண் கோடு ஏறியிருந்தால் தட்டிவிட்டுப் போகாதீர்கள், அது தொடங்கும் துளையைக் கண்டுபிடித்து அங்கே மருந்து போடுங்கள்.