தட்டையாக இருப்பதெல்லாம் தேய்மானம் இல்லை

நாணயத்தில் மேடான இடம் தட்டையாக இருந்தால் அது புழங்கித் தேய்ந்த நாணயம் என்று, நாணயங்களைத் தரம் பிரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அச்சு சரியாக இறங்காத நாணயத்திலும் அதே இடம் தட்டையாகத்தான் இருக்கும்.

ஒரு வெள்ளி நாணயத்தில் காதுக்கு மேலே முடியிழைகள் மழுங்கிக் கிடந்ததைப் பார்த்து, தேய்ந்தது என்று நானே ஒதுக்கிவைத்தேன். பிறகு ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துச் சுழற்றியபோது, மினுமினுப்பு அந்த மழுங்கலின் மேலேயும் அறுபடாமல் ஓடியது. தேய்ந்திருந்தால் அங்கே மட்டும் நிறம் மங்கி, ஒளி சட்டென்று நின்றிருக்கும். இந்தச் சோதனைக்குக் குழல் விளக்கு உதவாது, வெளிச்சம் பரவி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் ஷெல்டன் அளவுகோலில் 45-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசமும் பெரும்பாலும் இந்த மினுமினுப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதில்தான். இன்னொன்று, லேசாகத் தேய்ந்து 58 பெற்ற நாணயம் பல நேரம் 60 பெற்றதைவிடக் கண்ணுக்கு அழகாக இருக்கும். 60-ல் தேய்மானம் கிடையாது, ஆனால் பையில் ஒன்றோடொன்று மோதிய கீறல்கள் நிறைய இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

துடைத்துப் பளபளப்பாக்கிய நாணயங்களைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள். 10 மடங்கு லென்ஸில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் எனக்கு மனசே வலிக்கிறது.