அரை இஞ்ச் ஸ்க்ரூவில் தொங்கும் ஏழு லீவர் பூட்டு

பட்டப்பகலில், வீட்டில் நாலு பேர் இருக்கும்போதே கிரில் கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டு. அதற்குப் பின்னால் மரக்கதவு, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், நடுவில் சங்கிலி. பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் குழம்போடு வந்தால், லென்ஸில் பார்த்து, சாவி தேடித் திறப்பதற்குள் குழம்பு ஆறிப்போகிறது.

இவ்வளவு பூட்டி என்ன பாதுகாப்பு? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அத்தனை நல்ல பூட்டை வாங்கி வந்து அரை இஞ்ச் ஸ்க்ரூ போட்ட கொண்டியில் மாட்டுகிறார்கள்! திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை. கொண்டிக்கு அடியில் கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் நாலு ஸ்க்ரூவும் மரத்தூளோடு கழன்று வரும். கதவைத் துளைத்து போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு முடுக்கினால் என்ன? சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது வேறு. அது தூசியைப் பிடித்துப் பிசினாகி, பூட்டுக்குள் சாவி தூக்கும் தகடான லீவரை நகரவிடாது. பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டால் போதுமே!

கிரில் சாவி எங்கே? ஃபிரிட்ஜ் மேலா, சாமி படத்துக்குப் பின்னாலா, யாருடைய சட்டைப் பையிலா? நள்ளிரவில் தீப்பிடித்தால் புகையில் தடவித் தேடுவதா?

முன்பெல்லாம் ஊருக்குப் போனால் சாவி எதிர்வீட்டில் இருக்கும். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், பால் பாக்கெட்டை எடுத்து வைப்பார்கள். இப்போது மூன்று நாள் பாக்கெட் வாசலில் கிடந்து, வெளியே தொங்கும் பூட்டோடு சேர்ந்து, ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்கிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் எந்தப் பூட்டை நம்பிக் கிளம்புகிறார்கள்?